ஏற்றிச் சென்ற சுமையும் ஏற்க வேண்டிய பொறுப்பும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக நாயனாம் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அமானிதத்தின் உறைவிடமாகத் திகழ்ந்து, பகைவர்களாலும் ‘அல்அமீன்’ என்று அழைக்கப்பெற்ற நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் நின்று நிலவட்டுமாக! ஆமீன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே! அன்பிற்கினிய இளைஞர்களே! முதற்கண் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

ஜுமுஆ நாளில் நாம் ஓதி வரும் சூரா அல்கஹ்ஃபில் ஒரு மரக்கலத்தின் வரலாறு வருகிறது. நபி மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் அதில் ஏறிச் செல்கின்றனர். கூலி எதுவும் வாங்காமலேயே அக்கலத்துக்காரர்கள் அவர்களை ஏற்றிக்கொண்டதாக ஸஹீஹுல் புகாரியின் அறிவிப்பில் காண்கிறோம். கிள்ரு (அலை) அவர்கள் அதன் பலகையொன்றைப் பெயர்த்துவிடுகிறார்கள். மூஸா (அலை) அவர்களால் பொறுக்க இயலவில்லை, உடனே கண்டிக்கிறார்கள். அம்மரக்கலம் கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் சிலருக்குச் சொந்தமானது என்றும், நல்ல கலங்களையெல்லாம் அபகரித்து வந்த ஓர் அரசனிடமிருந்து அதைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்யப்பட்டதென்றும் 79ஆம் வசனம் பின்னர் விளக்குகிறது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிள்ரு (அலை) அவர்கள் தம் விருப்பப்படி அதைச் செய்யவில்லை. இறைவனின் ஆணைப்படியே செய்தார்கள். அந்த ஞானம் நமக்கு அருளப்படவில்லை. நமக்கு அருளப்பட்டிருப்பது ஷரீஅத். அந்த ஷரீஅத்தின் பார்வையில் மூஸா (அலை) அவர்கள் எழுப்பிய ஆட்சேபணையே நமக்குரிய பாடம். பிறருடைய பொருள் சேதமுற்றால் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும், ‘யார் பொறுப்பு?’ என்று கேட்க வேண்டும். ‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்’ என்று கூறி எழுந்து போய்விட எவருக்கும் அனுமதியில்லை. உடைந்தது கத்ரின்படி என்பது நம் ஈமான். உடைந்ததைச் சீர்செய்து கொடுப்பது நம் மீதுள்ள கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்க முடியாது.

தரையில் பயணித்த படகுகள்

கடலில் செல்லும் படகு தரைவழியே லாரியில் செல்லும்போது சேதமுற்றால் அதற்கு யார் பொறுப்பு? இதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, திருவனந்தபுரம், கொல்லம் முதலிய கடலோர மாவட்டங்களின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆலுவா போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தார்கள். ஆயிரக்கணக்கான உயிர்களை மீட்டார்கள். ஆழ்கடலுக்கென்று கட்டப்பட்ட அப்படகுகள் தெருக்களில் ஓடியபோது, நீரில் மூழ்கிக் கிடந்த சுவர்களிலும் வாயிற்கதவுகளிலும் மோதி அடிப்பாகம் கிழிந்தன, இயந்திரங்கள் பழுதுற்றன. படகே பிழைப்பாகக் கொண்ட ஏழைகளுக்கு அது எத்தகைய இழப்பு! மாநில அரசு, படகொன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் வழங்குவதுடன் சேதமுற்ற படகுகளைச் சீர்செய்து தருவதாகவும், அவற்றைப் புறப்பட்ட இடத்திற்கே கொண்டு சேர்ப்பதாகவும் அறிவித்தது.

பயன்பெற்றவர் சேதத்தையும் ஏற்க வேண்டும் என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது. இதற்கு முன்மாதிரி நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உள்ளது. ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்காக, அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத ஸஃப்வான் பின் உமய்யா அவர்களிடம் போர்க்கவசங்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பறித்துக்கொள்வதற்காகவா என்று அவர் வினவ, இல்லை, பொறுப்பேற்றுத் திருப்பித் தரப்படும் இரவல் என்று விளக்கினார்கள். போர் முடிந்து பார்க்கையில் சில கவசங்கள் தொலைந்து போயிருந்தன. ஈடு தர நாயகம் (ஸல்) அவர்களே முன்வந்தார்கள். அதற்குள் ஸஃப்வான் அவர்களின் உள்ளத்தில் ஈமான் ஒளி வீசிவிட்டதால், ஈடு வேண்டாமென்று மனமுவந்து விட்டுக்கொடுத்தார். வெற்றி பெற்ற தலைவர், தோல்வியுற்ற ஊரைச் சேர்ந்த ஒருவரிடம் ‘உமக்கு ஈடு தரட்டுமா?’ என்று கேட்கிறார் என்றால், அதுவல்லவா அமானிதம்!

நம் சாலையும் நம் தொழிலும்

அன்பர்களே! கடல் நம் ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் சுமையேற்றிச் செல்லும் தொழில் நம் வாசலிலேயே இருக்கிறது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வாகனங்களும் இயந்திரப் பாகங்களும் புறப்படுகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் பலகைகளும் மாங்கூழும் செல்கின்றன. பெங்களூருச் சாலையும், சென்னைச் சாலையும், சேலம் சாலையும், புதுச்சேரிச் சாலையும் கிருஷ்ணகிரியில்தான் கூடிப் பிரிகின்றன. இந்த மஸ்ஜிதில் அமர்ந்திருப்போரில் லாரி உரிமையாளர் இருக்கிறார், ஓட்டுநர் இருக்கிறார், புக்கிங் அலுவலகம் நடத்துபவர் இருக்கிறார், சுமை ஏற்றி இறக்குபவர் இருக்கிறார், சரக்கை அனுப்பும் சிறு தொழிற்கூடத்தின் சொந்தக்காரரும் இருக்கிறார். ஐவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறோம். வெளியே சென்று, ஒரு பொருள் உடைந்துவிட்டால் ஒருவர் மீது ஒருவர் பழி போடுகிறோம். இறுதியில் அந்தப் பழி யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும், வாய் திறக்க இயலாத ஓட்டுநரின் தலையில்!

சில காலத்திற்கு முன் இத்தகைய விவகாரம் ஒன்று ஜமாஅத்திற்கு வந்தது. கிரானைட் பலகைகள் ஏற்றிச் சென்ற லாரி ஆம்பூர் அருகே திடீரென பிரேக் போட நேர்ந்ததில் பலகைகள் சரிந்து விரிசல் கண்டன. சாய்த்து நிறுத்தும் மரச்சட்டம் சரியாக ஆணியடிக்கப்படவில்லை என்றார் ஓட்டுநர். ஏற்றியவர்களைக் கண்காணித்திருக்க வேண்டியது ஓட்டுநரே என்றார் வண்டிக்காரர். எங்களுக்கு முழு விலையும் வேண்டும் என்றார் சரக்குக்காரர். ஓட்டுநரின் சம்பளத்தில் மூன்று மாதங்களாகப் பிடித்தம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நின்று போயிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் மூவரையும் அமர வைத்துப் பேசி முடித்தோம். அந்த அமர்வில் எடுத்துரைக்கப்பட்ட சட்டங்களையே இன்று உங்கள் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது?

கூலிக்கு வேலை செய்வோரை ஃபுகஹாக்கள் இரு வகையாகப் பிரித்தனர். ஒருவர் ‘அஜீர் காஸ்’. அதாவது ஒரே முதலாளிக்குத் தம் நேரத்தை ஒப்படைத்து மாதச் சம்பளம் பெறுபவர். மற்றவர் ‘அஜீர் முஷ்தரக்’. அதாவது பலருக்கும் பொதுவாகக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர். சாயம் தோய்ப்பவர், சலவை செய்பவர், சுமை ஏற்றிச் செல்பவர் போன்றோர் இவ்வகையினர். சம்பள ஓட்டுநர் முதல் வகை. டிரான்ஸ்போர்ட் நிறுவனம் இரண்டாம் வகை.

முதல் வகையினரின் கையிலுள்ள பொருள் அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ, கவனக்குறைவாக நடந்தாலோ அன்றி அவர் மீது ளமான், அதாவது ஈடு கொடுக்கும் பொறுப்பு, கிடையாது.

இரண்டாம் வகையினரைப் பற்றி ஹனஃபி மத்ஹபின் பிரபல நூலான ஹிதாயாவில் கூறப்பட்டிருப்பதைக் கேளுங்கள். சுமைகூலி கால் இடறி விழுந்து பொருள் உடைந்தாலும், பொதி கட்டிய கயிறு அறுந்து சரக்கு வீழ்ந்தாலும், படகோட்டி படகைச் செலுத்திய விதத்தால் அது மூழ்கிச் சரக்கு அழிந்தாலும், அவர்களே ஈடு கொடுக்க வேண்டும். ஏனெனில் அச்சேதம் அவர்களுடைய செயலால் விளைந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூலில் படகும் பொதிகயிறும் ஒரே வரிசையில் வைத்துப் பேசப்பட்டுள்ளன! அக்காலத்துப் பொதிகயிறுதான் இக்காலத்துத் தார்ப்பாய்க் கயிறும் இரும்புச் சங்கிலியும்.

அவர்களுடைய செயலின்றி, அவர்கள் வசமிருக்கும்போது பொருள் அழிந்தால் என்ன சட்டம்? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பொறுப்பில்லை என்றார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும், பெருந்தீ, எதிர்க்க முடியாத பகைவர் போன்ற தவிர்க்க இயலாத காரணங்கள் இருந்தாலன்றிப் பொறுப்பு உண்டு என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில், கவனக்குறைவு இருந்தால் மட்டுமே பொறுப்பு. ஹள்ரத் அலீ (ரலி) அவர்கள் கைத்தொழிலாளர்களைப் பொறுப்பாளிகளாக்கினார்கள் என்றும், மக்களின் பொருள்கள் பாதுகாக்கப்பட இதுவே வழியெனக் கருதினார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது.

இப்போது நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக, 2007இல் நிறைவேற்றப்பட்ட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுவாகச் சரக்கேற்றும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுப்பவர் அதன் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. இயற்கைப் பேரிடர், போர், கலவரம், அரசின் பறிமுதல் போன்ற காரணங்களே விலக்காக ஏற்கப்படுகின்றன. இருபெரும் மாணவர்களின் தீர்ப்புக்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தைச் சிந்தித்துப் பாருங்கள்! ரசீதில் ‘சரக்குக்காரர் பொறுப்பில்’ என்று அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நாத் பிரதர்ஸ் எதிர் பெஸ்ட் ரோட்வேஸ் வழக்கில், அச்சொல் நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்

வாகன உரிமையாளர்களே! வாடகை உங்களுக்கு வருகிறது. ஆகவே பொறுப்பும் உங்களுக்கே. ஓட்டுநரின் தவறு தெளிவாக நிரூபிக்கப்படாமல் அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அவரிடம் விளக்கம் கேட்காமல் சேதத்திற்காகப் பிடித்தம் செய்வதை நாட்டின் ஊதியச் சட்டமும் அனுமதிப்பதில்லை. உழைப்பை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்பதாக அல்லாஹ் எச்சரிப்பதை புகாரியின் ஹதீஸ் குத்ஸி தெரிவிக்கிறது. அல்லாஹ்வே எதிர்வாதியாகிவிட்டால் எந்த வக்கீலை அமர்த்துவோம்?

ஓட்டுநர்களே! பொறுப்பில்லை என்ற சலுகை, பேணுதலாக ஓட்டுபவருக்கே உரியது. கைப்பேசியில் பேசிக்கொண்டும், உறக்கம் கண்ணை அழுத்தியும், தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் வேகத்தைக் குறைக்காமலும் ஓட்டிவிட்டு ‘விதி’ என்பது வரம்பு மீறலாகும். சேதம் நேர்ந்தால் மறைக்காதீர்கள். ஒரு காலத்தில் ‘செக்போஸ்ட்டில் பிரித்துப் பார்த்தபோது உடைந்தது’ என்று சொல்லித் தப்புவோர் இருந்தனர். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த விற்பனை வரிச் சாவடிகளும் மூடப்பட்டன. அந்தச் சாக்கும் மூடப்பட்டது. ஆனால் வலப்புறமும் இடப்புறமும் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் மலக்குகளின் சாவடி ஒருபோதும் மூடப்படுவதில்லை!

சரக்கு அனுப்புவோரே! பலவீனமாகக் கட்டிய பொதியைப் பலமானது என்று காட்டி ஒப்படைப்பது மோசடி. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரத்தை அடியில் மறைத்த வணிகரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அவ்வாறே, வாடகையும் வரியும் குறைய வேண்டுமென்று மதிப்பைக் குறைத்து எழுதிவிட்டு, உடைந்தபின் இருமடங்கு விலை கேட்பதும் பாத்திலான வழியில் பிறர் பொருளை உண்பதேயாகும். 2011ஆம் ஆண்டின் விதிப்படி, கூடுதல் பொறுப்புக் கட்டணத்திற்கு ஒப்புக்கொள்ளாதபோது நிறுவனத்தின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு என்ற வரம்புக்கு உட்பட்டது. 8,000 ரூபாய் வாடகையில் ஐந்து இலட்ச ரூபாய் இயந்திரம் சென்றால், கேட்கத்தக்கது 80,000 ரூபாயே. இதை முன்கூட்டியே எடுத்துரைப்பது புக்கிங் அலுவலகத்தார் மீது கடமை. ஒப்புக்கொண்ட நிபந்தனை முஸ்லிமைக் கட்டுப்படுத்தும் என்பது மெய்யே. ஆனால் படிக்க முடியாத சிற்றெழுத்தில் ஒளித்து வைத்ததை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் முழுத் தொகை பெற்று, வண்டிக்காரரிடமும் முழுத் தொகை பெற்று வீட்டுக்குக் கொண்டுபோவது ஆகாது. ஓர் இழப்புக்கு ஓர் ஈடுதான். அதே சமயம், இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டதே என்று ஏற்றிச் சென்றவர் தம் பொறுப்பை உதறவும் முடியாது. நூல் சரக்கு ஏற்றிச் சென்ற லாரி விபத்துக்குள்ளான சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில், பணம் கொடுத்த இன்ஷூரன்ஸ் நிறுவனம் அந்த உரிமையைக் கொண்டு ஏற்றிச் சென்றவரிடம் வசூலிக்கலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது.

எப்படித் தீர்த்துக்கொள்வது?

முதலாவதாக, எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் சரக்கின் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் கண்டால் ஓட்டுநரின் முன்னிலையிலேயே ரசீதில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவதாக, மதிப்பிடுங்கள். சேதம் சிறிதாயின் மதிப்புக் குறைவை மட்டும் பெற வேண்டும். பெரிதாயின், உடைந்ததை ஒப்படைத்துவிட்டு முழு மதிப்பையும் பெறலாம். அல்லது பொருளை வைத்துக்கொண்டு குறைவைப் பெறலாம். உடைந்ததையும் வைத்துக்கொண்டு முழு விலையையும் கேட்பது நீதியன்று. வாடகை விஷயத்திலும் ஹிதாயா வழிகாட்டுகிறது. ஃபுராத் நதியிலிருந்து ஒருவர் சுமந்து சென்ற சாடி பாதி வழியில் உடைந்தால், புறப்பட்ட இடத்து மதிப்பைப் பெற்றுக் கூலி கொடுக்காமல் விடலாம். அல்லது உடைந்த இடத்து மதிப்பைப் பெற்று அதுவரை வந்த தூரத்திற்குரிய கூலியைக் கொடுக்கலாம். ஓசூரில் ஏற்றியது வாணியம்பாடியில் உடைந்தாலும் கணக்கு இதுவே.

மூன்றாவதாக, இரு தரப்பும் வாழும்படித் தீர்ப்புச் செய்யுங்கள். பிறருடைய ஆடுகள் இரவில் புகுந்து ஒருவரின் விளைநிலத்தை அழித்த வழக்கைச் சூரா அல்அன்பியாவின் 78, 79ஆம் வசனங்கள் குறிப்பிடுகின்றன. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடுமாறு நபி தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். நிலத்தை ஆட்டுக்காரர் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆடுகளின் பலனை நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும், பின்னர் அவரவர் உடைமை அவரவருக்கே என்று நபி சுலைமான் (அலை) அவர்கள் கூறினார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகின்றனர். அத்தீர்ப்பின் விளக்கத்தைச் சுலைமானுக்கு நாமே அளித்தோம் என்று அல்லாஹ் சிறப்பித்துரைக்கிறான். இழந்தவருக்கு நிறைவு, இழப்பு விளைவித்தவருக்கும் அழிவில்லை. நாம் முன்பு சொன்ன கிரானைட் விவகாரமும் இவ்வழியிலேயே முடிந்தது. விரிசலில்லாத பகுதியைச் சிறு அளவுகளாக அறுத்து விற்றுக்கொள்ளச் சரக்குக்காரர் இசைந்தார். எஞ்சிய நஷ்டத்தை வண்டிக்காரர் சில நடைகளின் வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்பினார். ஓட்டுநரிடம் பிடித்த பணம் அவருக்கே திரும்பியது.

சமாதானமே மேலானது என்பது திருமறையின் போதனை. எனினும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஏற்றிச் சென்றவருக்கு, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்காவிட்டால், பின்னர் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தராது. ‘ஜமாஅத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்று நாட்களைக் கடத்தி ஒருவரின் உரிமை பறிபோக நாம் காரணமாகிவிடக் கூடாது. அறிவிப்பை முதலில் அனுப்புங்கள். பிறகு அமர்ந்து பேசுங்கள். அறிவிப்பு அனுப்புவது பகைமையன்று. அது அமானிதத்தைப் பதிவு செய்வது.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! தன் சகோதரனுக்கு அநீதி இழைத்தவர், பொற்காசும் வெள்ளிக்காசும் செல்லாத அந்த நாள் வருமுன் இன்றே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்றும், தவறினால் அவருடைய நன்மைகளிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் என்றும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இங்கே ஈடு கொடுத்தால் பணத்தில் போகும். அங்கே கொடுத்தால் தொழுகையிலும் நோன்பிலும் போகும். எது எளிது என்பதை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஜுமுஆவில் அமர்ந்திருக்கும் எவரேனும் ஓர் ஓட்டுநரின் கூலியை நியாயமின்றி நிறுத்தி வைத்திருந்தால், இன்றைய அஸருக்குள் அதைக் கொடுத்துவிடுங்கள். பிறருடைய பொருளை உடைத்ததை எவரேனும் மறைத்திருந்தால், இன்றே அவரிடம் சென்று சொல்லிவிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சாலைப் பயணங்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் கைகளில் ஒப்படைக்கப்படும் அமானிதங்களை உரியவர்களிடம் பழுதின்றிச் சேர்க்கும் நற்பேற்றை வழங்குவாயாக! பழுது நேர்ந்துவிட்டால் பொறுப்பேற்கும் மனத்துணிவையும், இழந்தவர்க்கு விட்டுக்கொடுக்கும் தாராள உள்ளத்தையும் தந்தருள்வாயாக! ஹலாலான உழைப்பில் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!